விளக்கு போடாத ஒரு நிமிஷம்

என் அப்பா புதுச்சேரியில் ஒரு சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தவர். படத்தின் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. சண்டைப் படம், சாமி படம், அழுவுற படம் என்று அவருக்கு மூன்றே வகை. அழுவுற படம் ஓடும் வாரங்களில் மட்டும் அவர் ஒரு காரியம் செய்வார். கடைசி ரீல் முடிந்து திரை வெளுத்ததும் விளக்கைப் போடவேண்டிய ஆளை, கீழே நின்றபடியே கையைக் காட்டி நிறுத்திவைப்பார். ஒரு நிமிஷம் இருட்டிலேயே போகும். பெண்கள் பக்கத்தில் மூக்குறிஞ்சும் சத்தமும் வளையல் சத்தமும் அடங்கிய பிறகுதான் விளக்கு எரியும், கதவு திறக்கும். "அழுத மூஞ்சியோட யாரும் வெளிச்சத்துல நிக்கக் கூடாதுடி" என்பார்.

அந்த இருட்டில் அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வளர்ந்தவள் நான். பிறகு நர்ஸ் ஆனேன். முப்பத்தேழு வருஷ வேலையில் பாதிக்கு மேல் புற்றுநோய் வார்டில் கழிந்தது. வாலிப வயதில் சாவை எதிர்நோக்கும் ஒருவரின் கதையைத் தமிழ் சினிமா எத்தனையோ தடவை எடுத்திருக்கிறது. அந்தப் படங்களைக் கொட்டகை வாசலிலிருந்தும் பார்த்தேன், கட்டில் ஓரத்திலிருந்தும் பார்த்தேன். இரண்டு இடத்திலும் ஒரே கேள்விதான் என்னைத் துரத்தியது. நோய் இன்னதென்று யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது?

இந்தக் கதையின் மூதாதையைப் பிரெஞ்சு மொழியிலிருந்துதான் தேட வேண்டும். பாரிஸில் மேரி டுப்ளெஸ்ஸி என்ற பெண் 1847-ல் காசநோயால் இறந்தபோது அவளுக்கு வயது 23. அடுத்த வருஷமே அலெக்சாண்டர் டூமா மகன் அவளை மார்கெரித் என்ற பெயரில் நாவலாக்கினார். அது நாடகமாயிற்று, வெர்டியின் இசையில் ஓபராவாயிற்று, 1936-ல் கிரெட்டா கார்போ நடிக்க ஹாலிவுட் படமும் ஆயிற்று. நர்ஸ் பயிற்சிக் காலத்தில் எங்களுக்குப் பிரெஞ்சு தெரிந்த வயதான கன்னியாஸ்திரீ ஒருவர் இருந்தார். காசநோய்ப் பாடம் எடுக்கும்போது மார்கெரித்தின் கதையைத் தமிழில் சொன்னார். கைக்குட்டையில் ரத்தம் என்று அவர் சொன்னதும் வகுப்பே சிரித்தது. எங்களுக்கு அது பாடப்புத்தகத்துக்கு முன்பே கொட்டகையில் தெரிந்த காட்சி. இருமல் வந்தால், கைக்குட்டை வாய்க்குப் போனால், பெஞ்சு டிக்கெட்டில் இருக்கும் சின்னப் பிள்ளைக்கும் முடிவு தெரிந்துவிடும்.

ஆனால் காசநோய்க்கு மருந்து வந்துவிட்டது. ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல் கண்டுபிடிக்கப்பட்டது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், நோயாளியை சானடோரியத்தில் படுக்கவைத்தாலும் வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் பலன் ஒன்றுதான் என்று 1959-ல் உலகத்துக்கே காட்டியது. மாத்திரையில் குணமாகும் நோயை வைத்துக்கொண்டு கதாநாயகியைச் சாகடிக்க முடியாது. சினிமா நோயை மாற்றிக்கொண்டது. அந்த மாற்றம் நடந்த இடத்தை ஒரே படத்தில் பார்க்கலாம். பீம்சிங்கின் 'பாலும் பழமும்' 1961-ல் வந்தது. அதில் சிவாஜி புற்றுநோய்க்கு மருந்து தேடும் டாக்டர், நர்ஸாக இருந்து அவருக்கு மனைவியாகும் சரோஜாதேவிக்குக் காசநோய். காசநோய் வந்தவள் பிழைத்துத் திரும்பி வந்துவிடுகிறாள். புற்றுநோய் அப்படியே நிற்கிறது, அடுத்த இருபத்தைந்து வருஷத்துப் படங்களுக்காக.

அடுத்த வருஷம் ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. அந்த 1962 ஆகஸ்ட் 16-ல்தான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. படம் முழுக்க ஓர் ஆஸ்பத்திரி. முத்துராமனுக்குப் புற்றுநோய், தேவிகா மனைவி, அவள் முன்னே காதலித்த கல்யாண்குமார்தான் டாக்டர். பெரியவர்கள் அந்த முக்கோணத்தைப் பேசினார்கள். எனக்கு நினைவில் நிற்பது அதே ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கும் சின்னப் பெண், குட்டி பத்மினி. பிற்பாடு மறு ஓட்டத்தில் நான் பார்த்தபோது எனக்கும் ஏறக்குறைய அவள் வயது. பிள்ளைகளும் சாவார்கள் என்பதை எனக்குச் சொன்னது வீடு அல்ல, அந்தப் படம்தான்.

1965-ல் இரண்டு படங்கள் வந்தன, இரண்டிலும் கே. பாலசந்தரின் எழுத்து. மாதவன் இயக்கிய 'நீலவானம்' ஒன்று. சாகப்போகும் பணக்காரப் பெண்ணாக தேவிகா, மிச்சமிருக்கும் நாட்களில் அவள் சந்தோஷமாக இருக்கட்டும் என்று தன் காதலை விட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொள்பவராக சிவாஜி. இன்னொன்று 'நீர்க்குமிழி'. தான் மேடையில் போட்டுக்கொண்டிருந்த நாடகத்தையே பாலசந்தர் தன் முதல் படமாக இயக்கினார். அதுவும் முழுக்க ஆஸ்பத்திரிதான். சேது என்ற நோயாளியாக நாகேஷ், டாக்டர்களாக மேஜர் சுந்தரராஜனும் சௌகார் ஜானகியும். வார்டையே சிரிப்பால் கலகலக்க வைக்கிற ஒருவனுக்குள் சாவு உட்கார்ந்திருக்கிறது. ஹிந்தியில் 'ஆனந்த்' வந்தது 1971-ல். அதற்கு ஆறு வருஷம் முன்பே நாகேஷ் அந்தச் சிரிப்பைச் சிரித்துவிட்டார்.

அந்தப் படத்தில் எங்கள் ஊருக்கு ஒரு பங்கு உண்டு. வி. குமாரின் இசையில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய, வாழ்க்கை நிலையாமை பற்றிய பாட்டை எழுதியவர் சுரதா. தஞ்சைப் பக்கத்தில் பிறந்த ராஜகோபாலன், புதுச்சேரிக்கு வந்து பாரதிதாசனிடம் பழகி, அவருடைய இயற்பெயரான சுப்புரத்தினத்துக்கே தாசனாகி, சுப்புரத்தினதாசன் என்பதைச் சுருக்கிச் சுரதா ஆனவர். பாரதிதாசன் 1964 ஏப்ரலில் சென்னையில் காலமானார். அவர் உடலைப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். மறுவருஷம் அவருடைய தாசனின் பாட்டு கொட்டகையில் ஒலித்தது. "நம்ம வாத்தியாரோட சிஷ்யப்புள்ள எழுதுனது" என்று அப்பா வாசலில் நிற்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது எனக்கு எட்டு வயது. பாட்டின் பொருள் புரியவில்லை. பாட்டு வந்தபோது தரை டிக்கெட்டில் பீடி நெருப்புகள் அசையாமல் நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

திரையில் ஆஸ்பத்திரி வந்த அதே வருஷங்களில் ஊரிலும் ஆஸ்பத்திரி வளர்ந்தது. பிரெஞ்சு அரசு 1823-லேயே இங்கே மருத்துவப் பள்ளி தொடங்கியது. 1956 நவம்பர் 13-ல் கோரிமேட்டில் புது மருத்துவக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டியவர் பிரெஞ்சுத் தூதர் ஸ்தானிஸ்லாஸ் ஓஸ்த்ரோரோக். அது தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, பிறகு ஜிப்மர் ஆயிற்று. 1964 ஜூலை 13-ல் ஜனாதிபதி ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். நடுவூரில் பாரதி பூங்காவை ஒட்டிய பெரியாஸ்பத்திரி எப்போதும்போல இருந்தது. ஆனாலும் எங்கள் தெருவில் புற்றுநோய் என்ற சொல்லை யாரும் வாயால் சொன்னதில்லை. "பெரிய வியாதி" என்பார்கள். "அடையாறுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க" என்றால் போதும், கேட்டவர்கள் கன்னத்தில் கை வைத்துக்கொள்வார்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் பன்னிரண்டு படுக்கையோடு தொடங்கிய ஆஸ்பத்திரி அடையாறில் இருப்பது. எத்தனையோ பேர் பிழைத்து வந்த இடத்தின் பெயரே ஊருக்குச் சாவின் பெயராகிவிட்டது. அதற்குச் சினிமாவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். எங்கள் பெண்கள் பார்த்த படங்களில் கேன்சர் வந்தவர் பிழைத்தது அபூர்வம். பிழைக்காத நோய்க்கு எதற்கு வைத்தியம் என்று கட்டியை மறைத்து மறைத்து, அது உடைந்து சீழ் வைத்த பிறகு வார்டுக்கு வந்தவர்களை நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

படத்து நோய்க்கும் வார்டு நோய்க்கும் சம்பந்தமே கிடையாது. எங்களிடம் வந்தவர்களுக்கு வாயில், கர்ப்பப்பை வாயில், வயிற்றில், மார்பில். புகையிலை அதக்கிய கன்னத்தில் ஓட்டை விழுந்து, குடித்த கஞ்சி அந்த வழியாக வெளியே வரும். நாற்றம் தாங்காமல் வீட்டுக்காரர்களே வராந்தாவில் நிற்பார்கள். "கரண்ட் வைக்கிறாங்களாம், உடம்பு எரிஞ்சிடுமாம்" என்று ரேடியேஷனுக்குப் பயந்து ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போனவர்கள் உண்டு. சினிமா இதிலிருந்து தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டது. எழுபதுகளுக்குப் பிறகு கதாநாயகனுக்கு வந்ததெல்லாம் ரத்தப் புற்றுநோய்தான் என்று சொல்லும் அளவுக்கு அது பெருகியது. புண் கிடையாது, வீக்கம் கிடையாது, முகம் கடைசி வரைக்கும் அழகாக இருக்கலாம், பாடலாம்.

வார்டும் சினிமாவும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்று, அது மறைப்பது. நான் வேலைக்குச் சேர்ந்த 1978-ல் எனக்குச் சொல்லித்தரப்பட்ட முதல் பாடமே அதுதான். டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வரும்போது கட்டிலருகே நின்று "மைட்டாடிக் லீஷன்" என்பார்கள். படித்த நோயாளிக்கும் அது புரியாது. கேஸ் ஷீட்டில் 'சி.ஏ.' என்று இரண்டு எழுத்து. ஷீட்டைக் கட்டிலில் மாட்டமாட்டோம், மேஜை டிராயரில் பூட்டிவைப்போம். சொந்தக்காரர்கள் எங்களைத் தனியே கூப்பிட்டுக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். "சொல்லிடாதீங்க சிஸ்டர், தெரிஞ்சா இன்னிக்கே போயிடும்." யாருடைய உடம்போ அவரைத் தவிர வார்டில் கூட்டுபவர் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அப்படியே 'நீலவானம்'. நாங்கள் சினிமாவைப் பார்த்துக் கற்றோமா, சினிமா எங்களைப் பார்த்துக் கற்றதா என்று யோசித்திருக்கிறேன். இரண்டுமே ஒரே குடும்பத்து வழக்கத்திலிருந்து வந்தவை என்றுதான் இப்போது தோன்றுகிறது. கெட்ட சேதியை வீட்டுப் பெரியவர் வாங்கிக்கொள்வார், படுத்திருப்பவருக்கு நல்ல சேதி மட்டும் போகும். அன்பினால் பிறந்த வழக்கம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது படுத்திருப்பவரை எவ்வளவு தனியாக்கியது என்பதை ஒரு பையன்தான் எனக்குக் காட்டினான்.

1982-ன் தொடக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு படங்கள். 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை'. முன்னதில் கமல், பின்னதில் மோகன். இந்த இரண்டிலும் ரகசியம் இடம் மாறிவிட்டது. நோயாளிக்கே தெரியும், அவனே மறைக்கிறான். காதலி தன்னை வெறுத்துவிட்டுப் போகட்டும், தான் போன பிறகு அவள் நன்றாக வாழட்டும் என்று கெட்டவனாக நடிக்கிறான். அப்பாவின் கொட்டகைப் பக்கம் கல்லூரிப் பையன்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். விளக்கு போடாத அந்த ஒரு நிமிஷம் முதல்முறையாக ஆண்களுக்கும் தேவைப்பட்டது என்று அப்பா சொன்னார்.

அந்த மாதங்களில் என் வார்டில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவனுக்கு நிஜமாகவே ரத்தப் புற்றுநோய். தாத்தா ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனா வரைக்கும் போய்வந்து பென்ஷன் வாங்கும் பழைய சிப்பாய்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். சண்டையில் எத்தனையோ சாவைப் பார்த்த மனிதர், என்னிடம் வந்து கண்கலங்கி நின்றார். "ரத்தம் கம்மியா இருக்குன்னு மட்டும் சொல்லியிருக்கோம் சிஸ்டரம்மா. நீங்களும் அப்படியே சொல்லுங்க." சொன்னேன். பையனின் தலையணையடியில் ஒரு டிரான்சிஸ்டர் இருக்கும். இளையராஜாவின் பாட்டுகள், அதிலும் அந்த மோகன் படத்துப் பாட்டுகள் வந்தால் ஒலியைக் கூட்டுவான். பக்கத்துக் கட்டில்காரர்கள் யாரும் ஆட்சேபித்ததில்லை.

ஒருநாள் சாயங்காலம் கேட்டான்.

"சிஸ்டர், பயணங்கள் முடிவதில்லை பாத்துட்டீங்களா?"

"பாத்தாச்சுடா."

"கடைசில மோகன் பொழச்சிக்கிறாரா?"

சிரிஞ்சில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தேன். கையைப் பார்த்தபடியே, "பொழச்சிக்கிறாரு. கல்யாணம் ஆயிடுது" என்றேன்.

அவன் பதில் பேசாமல் இருந்தான். ஊசி போட்டு முடித்துப் பஞ்சை அழுத்திப் பிடித்தபோது சொன்னான். "போன வாரம் என் ஃப்ரெண்டு வந்தான் சிஸ்டர். அவன் வேற மாதிரி சொன்னான்." என் முகம் மாறியதைப் பார்த்திருப்பான். உடனே அவனே, "பரவால்ல சிஸ்டர், நீங்க சொல்றதே நல்லாருக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தாத்தாவுக்காக, அம்மாவுக்காக, கடைசியில் எனக்காகவும் தெரியாதவன்போல இருந்தான். நாங்கள் அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம், அவன் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். 1982-ன் இரண்டு படங்களும் காட்டிய அதே தியாகம்தான். ஆனால் திரையில் அதைப் பார்த்து அழ ஆயிரம் பேர் இருந்தார்கள். அவனோடு உட்கார்ந்து அழ ஒருவர்கூட இல்லை, ஏனென்றால் யாருக்கும் எதுவும் தெரியாது என்பது எங்கள் ஏற்பாடு. மூன்று வாரத்தில் போய்விட்டான். கடைசி இரண்டு நாள் எலும்பு வலியில் கத்தினான். வலிக்குத் தரவேண்டியதை அளந்து அளந்து, பயந்து பயந்து தந்தோம். அவனிடம் நான் சொன்ன கடைசி உருப்படியான வாக்கியம் ஒரு சினிமாவின் பொய்யான முடிவு. அதை நாற்பது வருஷத்துக்கும் மேலாகச் சுமக்கிறேன்.

வலி மருந்தின் கதை பிறகு இன்னும் மோசமானது. 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மார்ஃபினையும் கடத்தல்காரனின் சரக்கோடு சேர்த்துக் கட்டியது. லைசென்ஸ் மேல் லைசென்ஸ் கேட்டதால் ஆஸ்பத்திரிகள் அதை வாங்கவே தயங்கின. லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் 1967-லேயே செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்து, சாகிறவருக்கும் வைத்தியம் உண்டு என்று காட்டியிருந்தார். நமக்குப் பக்கத்தில் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் 1993-ல் வலி நிவாரண அமைப்பைத் தொடங்கினார்கள். சட்டம் திருத்தப்பட 2014 வரை ஆயிற்று. அதற்குள் எத்தனை கட்டில்கள்!

சினிமாவும் மெல்ல மாறியது. மணிரத்னம் தெலுங்கில் எடுத்த 'கீதாஞ்சலி' 1989-ல் வந்து, 'இதயத்தைத் திருடாதே' என்று தமிழ் பேசியது. அதில் சாகப்போகும் பெண்ணுக்குத் தெரியும், பையனுக்கும் தெரியும், இரண்டு பேரும் பேசுகிறார்கள். தான் சாகப்போவதை அந்தப் பெண் சாதாரணமாகச் சொல்லும் இடத்தில் நான் கொட்டகையில் எழுந்தே நின்றுவிட்டேன். இப்படியும் சொல்லலாமா என்று இருந்தது. நோயும் மாறியது. 1948-ல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைக் கொஞ்ச நாள் பின்வாங்க வைத்ததில் தொடங்கியது, இன்று பல பிள்ளைகளை முழுக்கக் குணமாக்கும் அளவுக்கு வந்திருக்கிறது. ரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்கு 2001-ல் இமாட்டினிப் மாத்திரை வந்தது. அதன் புது வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1-ல் மறுத்ததால், விலை மலிந்த இந்திய மாத்திரை தொடர்ந்து கிடைக்கிறது. நான் ஓய்வுபெறுவதற்குள், தினம் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டியவர்களைப் பார்த்துவிட்டேன். இவர்களின் கதையை யாராவது படமாக எடுக்க வேண்டும். முடிவு மாறிவிட்டது என்று ஊருக்குத் தெரியவேண்டும்.

மாறாத முடிவுகளும் இருக்கின்றன. ஓய்வுக்குப் பிறகு, ஆஸ்பத்திரி கைவிட்டவர்களின் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் ஒரு குழுவோடு சேர்ந்துகொண்டேன். அரியாங்குப்பம் பக்கத்தில் ஒரு வீடு. பத்தொன்பது வயதுப் பெண், எலும்பில் தொடங்கி நுரையீரலுக்குப் போன கட்டி. நாலு மணி நேரத்துக்கு ஒரு மார்ஃபின் மாத்திரையில் வலி அடங்கியிருந்தது. அவள் அம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு அதே வாக்கியத்தைச் சொன்னாள். "சொல்லிடாதீங்கம்மா." நான் அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்து அந்தப் பையனின் கதையைச் சொன்னேன், மோகன் பிழைத்துக்கொண்டார் என்று நான் சொன்னதையும் சேர்த்து. ரொம்ப நேரம் கழித்து, "அவளா கேட்டா சொல்லுங்க" என்றாள்.

அடுத்த வாரம் அவளாகவே கேட்டாள். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். "எனக்குச் சரியாகாதில்ல ஆன்ட்டி?"

கை நின்றது. திரும்பவும் வைத்தேன். "ஆகாதும்மா."

சரி என்பதுபோலத் தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, தன் ஸ்கூட்டியைத் தம்பிக்கு எழுதிக்கொடுக்க என்ன செய்யவேண்டும் என்று கேட்டாள். பிறகு அம்மாவைக் கூப்பிடச் சொன்னாள். உள்ளே போன அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு பேரும் ஒன்றாக அழும் சத்தம் கேட்டது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி கதவில் கை வைக்கப் போனாள். நான் வாசற்படியில் நின்று கையைக் காட்டினேன்.

"ஒரு நிமிஷம் இருங்கம்மா."